ஒலிபெருக்கிக்கு முந்திய தமிழ்: கே. பி. சுந்தராம்பாளும் இசைநாடக மேடையும்



மொழியியல் பயின்றோர் பாட்டைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தொல்காப்பியருக்கு அது வியப்பாகத் தோன்றியிராது. எழுத்தொலிகளுக்கு மாத்திரை வகுத்த அவரே, நூன்மரபின் இறுதி நூற்பாவில், இசையில் அவ்வளவுகள் மீறப்படும் என்பதையும் சொல்லிவைத்தார். உயிர் மட்டுமன்று, மெய்யும் அங்கே நீளும் என்பது அவர் கருத்து. அதன் விரிவை இசைநூலாரிடம் கேட்டறிக என விட்டுவிட்டு அவர் அடுத்த இயலுக்குச் சென்றுவிடுகிறார். அவர் விட்ட அந்த இடத்தில் நின்று, ஒரு பாடகியின் குரல் தமிழ் ஒலிகளை எவ்வாறு கையாண்டது என்று காண்பதே இப்பொழிவின் நோக்கம். அப்பாடகி கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்.

மேலைநாட்டார் ஓப்பரா என்பது கதையைப் பாட்டாலேயே நடத்திச் செல்லும் நாடகம். நம்மிடம் அதற்கு இணை இல்லை என்பாருண்டு. அருணாசலக் கவிராயரின் இராமநாடகம், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம், சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்போர் அவ்வாறு சொல்லமாட்டார்கள். ஒரு வேறுபாடு உண்டு. ஓப்பராவில் ஒவ்வொரு சுரமும் எழுதப்பட்டிருக்கும். நம் மேடையில், குறிப்பாக ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்பட்ட வகையில், வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்பட்ட நடிகர்கள் ஒத்திகையின்றி அன்றிரவே மேடையில் சந்திப்பார்கள். வள்ளியும் வேலனும் பாட்டிலும் வசனத்திலும் தர்க்கம் செய்வார்கள். எதிராளி எதைப் பாடுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. செவிக்கூர்மையும் சொல்வளமும் இல்லாதவர் அங்கே ஓர் இரவுகூடத் தாக்குப்பிடிக்க இயலாது.

அந்தப் பள்ளியில் வளர்ந்தவர் சுந்தராம்பாள். 1908இல் கொடுமுடியில் பிறந்தார். வறுமையின் காரணமாகச் சிறுவயதிலேயே பாடிப் பிழைக்க நேர்ந்தது. வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாக மேடையேறினார். பசியை அவர் நடித்துப் பழக வேண்டியிருந்திருக்காது என்றே எண்ணுகிறோம். 1926இல் இலங்கையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். மறு ஆண்டு இருவரும் மணம் புரிந்தனர். 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அதன்பின் வெள்ளாடை உடுத்தினார். ஆடவருக்கு இணையாகக் காதல் வேடம் ஏற்கவில்லை. 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் அவரே ஆண்வேடமிட்டு நந்தனாராக நடித்தார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதையர். பெண் ஆணாக வேடமேற்றுப் பாடுவது ஓப்பராவிலும் புதிதன்று. மோட்சார்ட் 1786இல் அரங்கேற்றிய ‘பிகாரோவின் திருமண’த்தில் கெருபினோ என்னும் இளைஞனைப் பெண்குரலே பாடும். அவரது பிற்காலத்தை நீங்கள் அறிவீர்கள்: 1951இல் சட்ட மேலவை உறுப்பினர், 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’, 1964இல் ‘பூம்புகார்’ படத்துக் கவுந்தியடிகள், 1970இல் பத்மஸ்ரீ விருது. 1980இல் மறைந்தார்.

இனி ஒலியைப் பார்ப்போம். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டுமாயின் குரல் உயரவேண்டும். ஆகவே அக்கால மேடைப் பாடகர்கள் நான்கு, ஐந்து கட்டைச் சுருதிகளில் பாடினார்கள். ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலின் ஆதார சட்சம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ்; மேல் சட்சம் அதன் இருமடங்கு, 392. இங்கேதான் இடர்ப்பாடு. ‘இ’, ‘உ’ ஆகிய உயிர்களை நம் காது பிரித்தறிவதற்கு உதவும் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 300 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையில் உள்ளது. சுருதி அதைக் கடந்து மேலே போய்விட்டால் அந்த அடையாளம் மங்கும். வாய் தானே அகலத் திறக்கும். இகரமும் உகரமும் அகரத்தின் பக்கம் சாயும். ஓப்பராவின் உச்சக் குரல் பெண்கள் பாடும்போது சொல் விளங்குவதில்லை என்ற குறைக்குக் காரணம் அவர்களுடைய கவனக்குறைவன்று, இந்த இயற்பியலே.

அவ்வாறாயின் சுந்தராம்பாள் பாடினால் சொல் விளங்குவது எப்படி? அவருடைய பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் நமக்குப் புலப்பட்டவற்றைச் சொல்கிறோம். விருத்தம் பாடும்போது தாளக் கட்டு இல்லை. அவர் சொற்களை முதலில் இடைநிலைச் சுரங்களில், ஏறக்குறையப் பேச்சின் விரைவில், மெய்யெழுத்துகள் தெறிக்கச் சொல்லிவிடுகிறார். கேட்பவர் சொல்லைக் கைப்பற்றிக்கொண்ட பிறகே குரல் மேலே ஏறுகிறது. அப்படி ஏறும்போதும் பெரும்பாலும் ஒரு நெடிலைப் பற்றிக்கொண்டே ஏறுகிறது. உச்சத்தில் உயிர் மங்கினாலும் பொருள் மங்குவதில்லை. மற்றொன்று, வல்லினத்தை அவர் விழுங்குவதேயில்லை. றகரமும் டகரமும் சுத்தியல் அடிபோல விழும். ழகரம், ளகரம், லகரம் மூன்றும் மூன்றாகவே நிற்கும். நீட்ட முடிந்த மெய்களாகிய மெல்லினத்தையும் இடையினத்தையும் அவர் நீட்டுவதும் உண்டு. தொல்காப்பியர் மெய்யும் நீளும் என்றது ஏட்டுச் செய்தியன்று என்பதை நாம் இவரிடமே கற்றோம். எதுகையும் மோனையும் இங்கே அணியாக மட்டும் நிற்கவில்லை. ஓரடியில் செவி தவறவிட்ட சொல்லை அடுத்த அடியின் எதுகை மீட்டுத் தருகிறது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு இக்குரல் முதலில் இசைத்தட்டாக வந்து, பிறகு திரைப்படமாக வந்தது. எழுபத்தெட்டுச் சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடமே ஓடும். விடிய விடிய நடக்கும் நாடகத்திலிருந்து அவ்வளவே கிடைத்தது. ரந்தாவ், லிங்கி, லாபு வட்டாரத் தோட்டங்களில் கிராணி வீட்டு வாசலில் கிராமபோன் பாடக் கேட்டதைப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாம் கண்டது அதற்குப் பிந்தியது: 1960களில் தோட்டத்துத் திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம். மறுநாள் விடியுமுன் பிரட்டுக்குப் போகவேண்டிய பால்மரம் வெட்டும் பெண்கள், குழந்தையை மடியில் கிடத்தியபடி ஔவையாரைப் பார்த்தார்கள். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்தவர்கள் அவர்கள். ஆயினும் சில நாளில் லயத்துக் குழாயடியில் அந்தப் பாடல்களைப் பிழையின்றிப் பாடினார்கள். பேச்சில் ‘பளம்’ என்பவர்கள் பாட்டில் ‘பழம்’ என்றார்கள். எந்த ஆசிரியரும் அவர்களைத் திருத்தவில்லை.

இன்று அத்தோட்டங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. நீலாயிலும் செண்டாயானிலும் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. அதைப் பற்றிப் பலரும் பேசியாகிவிட்டது. நாம் சொல்ல விரும்புவது வேறு. அது நம் பிழையைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்கான பாட்டுப் போட்டி ஒன்றில் நடுவராக அமர்ந்தோம். நல்ல ஒலிபெருக்கி அமைப்பு. ஒரு மாணவி வாயருகே ஒலிவாங்கியை வைத்து, மூச்சுக் காற்றோடு குழைத்து, இனிமையாகப் பாடினாள். முதற்பரிசு அளித்தோம். நான்காவதாக வந்தவள் சற்றுக் கரகரத்த குரலுடையவள். ஒவ்வோர் எழுத்தையும் திருத்தமாக ஒலித்தாள். முடிந்து வெளியே வரும்போது, தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு மூதாட்டி நம்மிடம் சொன்னார்: “அந்தப் புள்ள நல்லாத்தான் பாடிச்சுங்க. என்னா பாடிச்சுன்னுதான் வெளங்கல.”

நமக்கு விடை தெரியவில்லை. நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்துத்தான் அது எந்தப் பாடல் என்று சொன்னோம். ஒலியியலில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் கவனிக்காததை அவர் கவனித்திருந்தார். அவர் ஒலிபெருக்கி இல்லாத மேடைத் தமிழைக் கேட்டு வளர்ந்தவர்.

அதன் பிறகு ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தும் இடங்களிலெல்லாம் ஒலிவாங்கியை அணைத்துவிடச் சொல்கிறோம். மாணவன் மேடையில் நிற்கட்டும். ஆசிரியர் மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் அமரட்டும். சுந்தராம்பாள் செய்ததுபோல, பாடலை முதலில் ஓர் இடைச் சுருதியில், சொல்லைச் சொல்லாகப் பாடச் சொல்லவேண்டும். கேட்டதைக் கேட்டபடி ஆசிரியர் தாளில் எழுதவேண்டும். எழுதியதையும் மூலப்பாடலையும் ஒப்பிட்டால் எந்த எழுத்து காணாமற்போயிற்று என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் அது ழகரமாக இருக்காது. சொல்லின் இறுதியில் வரும் மெல்லின மெய்யாக இருக்கும். அதைத் திருத்திய பிறகு சுருதியை ஒவ்வொரு கட்டையாக உயர்த்தலாம்.