11 மில்லி விநாடித் தாமதம்



நாலு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளை, அடுக்களையில் மிக்ஸி ஓடியதும் காதைப் பொத்திக்கொண்டு அலறும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்ப்பவர்களில் பலருக்கு இது பழகிப்போன காட்சி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் இது இருக்கிறது. அவர்களில் சிலருக்குக் காது கேட்கவில்லையோ என்று முதலில் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். வாக்குவம் கிளீனருக்கும் லிஃப்ட்டுக்கும் நடுங்கியவர்களும் அதே கூட்டத்தில் உண்டு. கேனர் இன்னொன்றும் கவனித்தார்: அதே அளவு சத்தத்தைத் தானே எழுப்பும்போது பிள்ளை சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் மூளைக்குள் ஒலி என்னவாகிறது? பிள்ளையிடமே கேட்டால் பதில் வராது. அதனால் மூளையைக் கேட்கும் ஒரு நுட்பத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். எம்.இ.ஜி. என்பார்கள். மூளையின் நரம்பணுக்களில் மின்சாரம் ஓடும்போது பிறக்கும் காந்தப்புலத்தைத் தலைக்கு வெளியிலிருந்தே அளப்பது. அந்தப் புலம் பூமியின் காந்தப்புலத்தில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. தேர்த் திருவிழா நெரிசலில் நின்றுகொண்டு ஒருவருடைய மூச்சை மட்டும் பிரித்துக் கேட்பது மாதிரியான வேலை. 1968-இல் டேவிட் கோஹன் என்ற இயற்பியலாளர் வெறும் செம்புக் கம்பிச் சுருளை வைத்து இதை முதலில் அளந்து காட்டினார். பிறகு வந்த கருவிகளில் உணரிகளைத் திரவ ஹீலியத்தில், சுழியத்துக்குக் கீழே 269 டிகிரியில் குளிர்வித்து வைக்கிறார்கள். வெளியே லாரி போனாலும் அளவு கெடும் என்பதால், காந்தத்தைத் தடுக்கும் உலோகச் சுவர்களால் ஆன தனி அறை வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்தத் தடதடப்பு மறந்திருக்காது. எம்.இ.ஜி. கருவியோ சத்தமே போடாது. சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளையின் செவிப்புலனைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான கருவி அமையுமா?

பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் திமோத்தி ராபர்ட்ஸ் குழுவினர் செய்தது இதுதான். பிள்ளையைத் தலைக்கவசம் போன்ற கருவிக்குள் தலை வைத்திருக்கச் செய்து, காதுக்குள் சின்னச் சின்ன 'பீப்' ஒலிகளை அனுப்பினார்கள். ஓர் ஒலிக்கு எழும் அசைவு இரைச்சலில் மூழ்கிவிடும். திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுச் சராசரி எடுத்தால்தான் மேலே தெரியும். காதருகே, பொட்டுப் பகுதியில் இருக்கும் செவிப்புறணியில், ஒலி தொடங்கி ஏறத்தாழ 100 மில்லி விநாடியில் காந்தப்புல அளவில் ஒரு மேடு எழும்பும். சிறு வயதில் சற்றுத் தாமதமாக எழும்பும் இந்த மேடு, வளர வளர முன்னால் நகரும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அது சராசரியாக 11 மில்லி விநாடி பிந்தி எழுந்தது. 2010-இல் வெளியான முடிவு இது. காதில் கோளாறு இல்லை. ஒலி உள்ளே போய்ச் சேர்கிறது. மூளை அதைப் பதிந்துகொள்வதில்தான் சுணக்கம்.

விநாடியில் நூறில் ஒரு பங்கு. இது ஒரு பொருட்டா என்று கேட்கலாம். பேச்சு என்பது இப்படிப்பட்ட நுண்ணிய இடைவெளிகளால் ஆனது. 'பாட்டு' என்பதன் முதல் ஒலிக்கும் 'பஸ்' என்பதன் முதல் ஒலிக்கும் உள்ள வேறுபாடே, குரல் சில பத்து மில்லி விநாடி முந்தியோ பிந்தியோ எழுவதில் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சுணக்கத்தால்தான் பேச்சு வரவில்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உள்ளே வளர்ச்சி வேறு விதமாக நடக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

ஆட்டிசத்தைக் கண்டறிய இதோ ஒரு சோதனை என்ற ஆரவாரம் எனக்கு ஒப்பவில்லை. அந்த ஆய்விலேயே, இந்தத் தாமதத்தை மட்டும் வைத்துப் பிரித்தால், ஆட்டிசம் உள்ள நூறு பிள்ளைகளில் 75 பேர்தான் பிடிபடுவார்கள் என்ற கணக்கு இருக்கிறது. மிச்சம் 25 பிள்ளைகளின் பெற்றோரிடம் என்ன சொல்வது? சராசரியில் தெரியும் வித்தியாசம் ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. அசையாமல் இருக்கும், சொன்னால் கேட்கும் பிள்ளைகளைத்தான் ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருந்தார்கள். பேசாத பிள்ளைகள், யாருக்காக இந்த ஆய்வு பிறந்தது என்று நாம் நினைப்போமோ அவர்கள், அறைக்கு வெளியிலேயே நின்றார்கள். 2019-இல் அதே மருத்துவமனைக் குழு பேச்சு அறவே இல்லாத, அல்லது மிகக் குறைவாகப் பேசும் பிள்ளைகளை அளந்து வெளியிட்டது. பெற்றோரிடம் கேட்டறிந்து, பிள்ளையைக் கருவிக்கு மெல்லப் பழக்கி எடுத்த பதிவுகள். அவர்களிடம் தாமதம் இன்னும் கூடுதலாக இருந்தது. 2010-இன் முடிவைவிட இந்த வேலையைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன். பிள்ளையைக் கருவிக்கேற்ப வளைக்காமல், ஆய்வாளர்கள் தங்கள் முறையை வளைத்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கருவியையே மாற்றிவிட்டார்கள். ஹீலியக் குளிர் தேவைப்படாத சிறு உணரிகளைத் தலையில் அணியும் கவசத்திலேயே பொருத்தி, தலையை ஆட்டினாலும் மூளையை அளக்கலாம் என்று 2018-இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டே சைக்கிள் ஹெல்மெட் ஒன்றை மாற்றியமைத்து இரண்டு வயதுக் குழந்தைக்கும் போட்டுப் பார்த்தார்கள். தனி அறை இன்னும் வேண்டும், செலவும் குறைந்தபாடில்லை. ஆனால் அசையாதே என்று பிள்ளையை அதட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் போய்விட்டது.