பேசும் பெட்டியும் பகுத்தறிவும்

(ஓர் ஊர் வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்குச் சற்று விசித்திரமாகத் தோன்றலாம். மேடை ஏறினால் அரசியலையோ சமூகத்தையோ பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாமோ மேசைமேல் ஒரு சால்டரிங் அயனையும், ஒரு சுருள் ஈயக்கம்பியையும், ஒரு சிறு பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு நிற்கின்றோம். இந்தப் பொட்டலத்திலுள்ள சாமான்களைக் கொண்டு ஒரு எஃப்.எம். ரேடியோவைச் செய்துவிடலாம். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூட ஒரு நாள் பொழுதில் முடித்துவிடலாம். இதைப் பற்றித்தான் பேசப்போகின்றோம்.

இதிலென்ன பிரமாதம் என்று கேட்பீர்கள். இன்று வீட்டுக்கு வீடு, கைக்குக் கை போன் இருக்கின்றது. அதிலே பாட்டுக் கேட்கின்றோம், படம் பார்க்கின்றோம். அது எப்படிப் பேசுகின்றது என்று ஒருவரைக் கேட்டால், "கம்பெனிக்காரன் அப்படிச் செய்து வைத்திருக்கிறான்" என்கின்றார். "எல்லாம் அவன் செயல்" என்பதற்கும் இந்தப் பதிலுக்கும் அதிக வித்தியாசம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. இரண்டும் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் வாயை மூடிக்கொள்வதற்கு ஏற்பட்ட பதில்களேயாகும். ஒரே ஒரு கருவியையாவது தன் கையால் பூட்டிப் பார்த்தவன் இந்தப் பதிலை ஒப்புக்கொள்ள மாட்டான்.

அலை என்பது என்ன?

ரேடியோ நிலையத்தின் கோபுரத்திலே மின்சாரம் ஒரு பக்கமும் மறுபக்கமுமாக மிகுந்த வேகத்தில் ஓடித் திரும்புகின்றது. அதனால் நாலா பக்கமும் அலை பரவுகின்றது. இப்படிப்பட்ட அலை உண்டு என்பதை ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்பவர் 1888-ம் வருஷத்தை ஒட்டிப் பரிசோதனையால் காட்டினார். ஒரு செகண்டில் எத்தனை துடிப்பு என்பதை அவர் பெயராலேயே ஹெர்ட்ஸ் என்று எண்ணுகின்றார்கள். எஃப்.எம். நிலையங்கள் நம் நாட்டில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரைக்குள் இருக்கின்றன. 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் செகண்டுக்குப் பத்துக் கோடித் துடிப்பு. அந்த அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால்வாசியாகிய 75 சென்டிமீட்டர் கம்பி இருந்தால் அதுவே நல்ல ஏரியல்.

இந்த அலைமேல் பேச்சை ஏற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு நாதசுரக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஓங்கியும் தாழ்த்தியும் ஊதினால் அது பழைய மத்திய அலை ரேடியோவின் வழி. ஒரே பலத்தில் ஊதிக்கொண்டு சுரத்தை மாத்திரம் சற்று ஏற்றியும் இறக்கியும் காட்டினால் அது எஃப்.எம். வழி. கல்யாணக் கூட்டத்தின் இரைச்சல் நாதசுரத்தின் ஓசைப் பலத்தைக் கெடுக்கலாமே ஒழிய சுரத்தை மாற்றிவிடாது. அதுபோலவே மின்னலும் மோட்டாரும் உண்டாக்கும் கரகரப்பு, அலையின் உயரத்தைத்தான் பெரும்பாலும் கெடுக்கின்றது. எஃப்.எம். ரேடியோ அந்த உயரத்தைச் சட்டை செய்வதில்லை. அதனால்தான் பாட்டுத் தெளிவாய்க் கேட்கின்றது.

பெரியவர் சொன்னார் என்பதற்காக

இந்த வழியைக் கண்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். இதற்கு முன் 1922-ல் கார்சன் என்ற பெரிய கணித நிபுணர், அலையின் துடிப்பை மாற்றிப் பேச்சை அனுப்புவதில் லாபமில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். கணக்கில் பிழையில்லை. ஆனால் அவர் ஆராய்ந்தது, குறுகிய இடத்துக்குள் அலையை அடக்க முடியுமா என்ற கேள்வியை. நிபுணர் சொல்லிவிட்டாரே என்று மற்றவர்கள் அதோடு விட்டுவிட்டார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் அப்படி விடவில்லை. இடத்தைக் குறுக்காமல் தாராளமாய் விட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தார். 1933-ல் உரிமைப் பத்திரம் பெற்றார். 1935 நவம்பரில் நியூயார்க்கில் ரேடியோ இஞ்சினீயர்கள் கூடிய சபையிலே அதை இயக்கியும் காட்டினார்.

அவருக்குக் கிடைத்த பலன் என்ன? 1945-ல் அந்நாட்டு அரசாங்கம் எஃப்.எம். அலைவரிசையையே இடம் மாற்றியதால், அதுவரை மக்கள் வாங்கியிருந்த பெட்டிகள் பயனற்றுப் போயின. உரிமைக்காகப் பெரிய கம்பெனிகளோடு பல வருஷம் வழக்காடிக் களைத்து, 1954 ஜனவரியில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி மேரியன் வழக்குகளை விடாது நடத்தினார். கடைசி வழக்கில் 1967-ல் வெற்றி கிடைத்தது. ஒரு உண்மையைக் கண்டுபிடிப்பதற்கு வேண்டிய உழைப்பைவிட, அதை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கு வேண்டிய உழைப்பு எவ்வளவு அதிகம் என்பதற்கு இந்த ஒரு வாழ்க்கையே போதும்.

நிற்க, நம் நாட்டுச் சங்கதியும் சிறிது சொல்ல வேண்டும். சென்னையில் 1924-லேயே ஆர்வமுள்ள சிலர் ரேடியோ சங்கம் கூட்டி ஒலிபரப்பு நடத்தினார்கள். பணமில்லாமல் அது 1927-ல் நின்றது. இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதன்முதல் துவங்கியதும் சென்னையில்தான், 1977 ஜூலை 23-ந் தேதி. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலியும் வந்தது. முன்னெல்லாம் ரேடியோப் பெட்டி வைத்திருப்பதற்கே லைசென்ஸ் வேண்டும். தபாலாபீசில் வருஷாவருஷம் பணம் கட்ட வேண்டும். 1980-களில் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆகையால் கேட்கும் பெட்டியை நீங்கள் தாராளமாய்ச் செய்யலாம். ஆனால் ஒலிபரப்பும் கருவியை லைசென்ஸ் இல்லாமல் செய்து இயக்குவது குற்றம் என்பதை வாலிபர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது?

முதலாவது, பச்சை நிறத்தில் செம்புக் கோடுகள் ஓடும் ஒரு அட்டை. அந்தக் கோடுகள்தான் கம்பிக்குப் பதில். பிறகு ரிசிஸ்டர்கள். இவை மின்சாரத்தைத் தடுத்து அளவாய் விடும். இவற்றின்மேல் எழுத்து இராது, வர்ண வளையங்கள் இருக்கும். கறுப்புக்குப் பூஜ்யம், காப்பிக்கு 1, சிவப்புக்கு 2, ஆரஞ்சுக்கு 3 என்று கணக்கு. காப்பி, கறுப்பு, ஆரஞ்சு என்றால் பத்தும் அதன்பின் மூன்று பூஜ்யமும், அதாவது 10,000 ஓம். அடுத்தது கண்டன்சர்கள். சிறியவற்றை எப்படி மாட்டினாலும் பாதகமில்லை. உருளையாயிருப்பதற்கு மாத்திரம் மேல் கீழ் உண்டு. நீளமான கால் பிளஸ், கோடு போட்ட பக்கம் மைனஸ். அப்புறம் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் கேங், பென்சிலில் சுற்றினாற்போன்ற ஐந்தாறு சுற்றுச் செம்புக் கம்பிச் சுருள், ஸ்பீக்கர், பாட்டரிப் பெட்டி, இரண்டு சில்லுகள்.

நாம் கொண்டுவந்திருக்கும் பொட்டலத்திலுள்ள முதல் சில்லு டி.டி.ஏ. 7000 என்பது. ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் கம்பெனி 1983-ல் வெளியிட்டது. அது உள்ளுக்குள் தானே ஒரு சிறு அலையை உண்டாக்கிக் கொள்கின்றது. அந்த அலைக்கு எத்தனை துடிப்பு என்பதைச் சுருளும் கேங்கும் நிர்ணயிக்கின்றன. வெளியிலிருந்து வரும் அலையோடு இதைக் கலந்தால் இரண்டுக்குமுள்ள வித்தியாசம் மிஞ்சுகின்றது. பத்துக் கோடித் துடிப்பு இப்படிச் சுமார் 70 ஆயிரமாகக் குறைகின்றது. குறைந்த துடிப்பிலிருந்து பேச்சைப் பிரித்தெடுப்பது சுலபம். இந்தக் கழித்தல் உபாயத்தை 1918-லேயே வகுத்தவரும் மேலே சொன்ன ஆர்ம்ஸ்ட்ராங்கேதான். இரண்டாவது சில்லு எல்.எம். 386. பிரித்தெடுத்த மெல்லிய பேச்சைப் பெரிதாக்கி ஸ்பீக்கரை ஆட்டுவது அதன் வேலை.

பற்றவைக்கும் விதம்

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவரை உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவித் தேய்த்து, பிறகு ஈயத்தை வைப்பார். நவச்சாரம் எதற்கு? பித்தளைமேல் படிந்திருக்கும் களிம்பை நீக்குவதற்கு. களிம்பு போனால்தான் ஈயம் ஒட்டும். இதிலும் அதே சங்கதிதான். ஈயக்கம்பியின் நடுவில் பிசின் இருக்கின்றது. அது உருகிக் களிம்பை நீக்குகின்றது. ரேடியோ வேலைக்கு நவச்சாரமும் திராவகமும் ஆகாது. அவை பின்னால் கம்பியை அரித்துவிடும்.

வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கம்பி சுமார் 183 டிகிரியில் உருகும். 25 வாட் அயன் போதும். அயனின் முனை, சாமானின் கால், அட்டையின் செம்பு ஆகிய இரண்டையும் ஒருங்கே தொட வேண்டும். இரண்டு மூன்று எண்ணும் வரை சூடாக்கி, ஈயத்தை அயனில் வைக்காமல் இணைப்பில் வைக்க வேண்டும். ஈயம் ஓடிப் பரவியதும் முதலில் கம்பியை எடுத்து, பிறகு அயனை எடுக்க வேண்டும். ஆறும் வரை அசைக்கக் கூடாது. நல்ல இணைப்பு சிறு குன்றுபோலச் சரிந்து பளபளப்பாயிருக்கும். கெட்ட இணைப்பு உருண்டையாய் மங்கிக் கிடக்கும். உயரம் குறைந்த சாமான்களை முதலிலும், உயர்ந்தவற்றைப் பின்னாலும் வைப்பது சௌகரியம்.

பயப்பட வேண்டியதையும் சொல்லிவிடுகின்றோம். இந்தப் பாட்டரியால் ஷாக் அடிக்காது. அயனின் முனையோ 350 டிகிரி சூடு. தொட்டால் தோல் போய்விடும். புகையை மூக்கில் வாங்காமல் ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும். காரீயம் விஷமானதால் வேலை முடிந்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றைத் தொடக்கூடாது.

பெட்டி பேசாவிட்டால்?

தோழர்களே! நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். பெட்டியைப் பூட்டி ஸ்விச்சைப் போட்டதும், பெரும்பாலும் முதல் தடவையில் அது பேசாது. அப்போது பக்கத்திலிருப்பவர்கள் என்ன சொல்லுகின்றார்கள்? "நேரம் சரியில்லை" என்பார் ஒருவர். "உனக்குக் கைராசி இல்லை" என்பார் மற்றொருவர். நமக்குத் தெரிந்த ஒரு பையன் இந்த ஒரு வார்த்தையால் பொட்டலத்தைப் பரண்மேல் போட்டுவிட்டான். பிரித்துப் பார்த்ததில் ஒரு கண்டன்சர் தலைகீழாக இருந்தது. மாற்றி வைத்ததும் பெட்டி பேசிவிட்டது. கைராசி எங்கே போயிற்று? இரண்டு கால்களை இடம் மாற்றியதும் ராசி வந்துவிட்டதா?

பேசாத பெட்டிக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் அட்டைக்குள்ளேயே இருக்கின்றது. அதைத் தேடும் முறை இது. முதலில் பாட்டரி சரியான பக்கம் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பின்பு ஸ்பீக்கரின் ஒரு கம்பியைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் பாட்டரியால் அதை ஒரு கணம் தொடுங்கள். "டக்" என்று சத்தம் வந்தால் ஸ்பீக்கர் நல்லது. கம்பியைத் திரும்ப மாட்டி, வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலை விரலால் தொடுங்கள். கரகர என்றோ உர்ர் என்றோ சத்தம் வந்தால் இரண்டாவது சில்லும் அதற்குப் பின்னுள்ளதும் சரி, குற்றம் முன்பாதியில். வராவிட்டால் குற்றம் பின்பாதியில். இப்படிப் பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே போனால் நாலைந்து சோதனையில் குற்றவாளி அகப்பட்டுவிடுவான். பெரும்பாலும் அது ஒரு கெட்ட இணைப்பாகவே இருக்கும். இரைச்சல் மாத்திரம் வந்து நிலையம் வராவிட்டால் சுருளைச் சற்று நெருக்கியோ அகற்றியோ பாருங்கள். அகற்றினால் துடிப்பு ஏறும், நெருக்கினால் இறங்கும்.

இதில் ஜோசியருக்கும் நல்ல நேரத்துக்கும் எங்கே இடம் இருக்கின்றது? ஊகிப்பது, சோதிப்பது, தப்பானதைத் தள்ளுவது, மிஞ்சியதைத் திருத்துவது என்கிற இந்தப் பழக்கம்தான் பகுத்தறிவு என்பது. ரேடியோவில் இதைக் கற்ற பிள்ளை, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும், வயலில் பயிர் கருகினாலும், கடனில் வட்டி ஏறினாலும், "காரணம் எங்கே?" என்று கேட்கும். மந்திரக் கயிற்றைத் தேடிப் போகாது.

இது யாருடைய வேலை?

அன்றியும், நம் வீடுகளில் இரண்டு வியாதிகள் இருக்கின்றன. படிக்கிற பிள்ளை அயனைப் பிடித்தால் "இது மெக்கானிக் வேலை, நீ புஸ்தகத்தை எடு" என்பது ஒன்று. பெண்பிள்ளை பிடித்தால் "உனக்கு எதற்கு?" என்பது மற்றொன்று. புஸ்தகத்தில் கண்டன்சரின் இலக்கணத்தை மனப்பாடம் பண்ணியவனுக்கு மார்க்கும், கண்டன்சரை மாட்டுகிறவனுக்கு இளக்காரமும் என்றால், அந்தப் படிப்பின் யோக்கியதை என்ன? தாய்மார்களைக் கேட்கின்றோம்: ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த கைக்கு, பூத்தொடுக்கத் தெரிந்த கைக்கு, இந்த நுட்பமான வேலை வராதா? நிச்சயமாய் வரும். கொடுத்துப் பாருங்கள்.

ஆகவே நமது யோசனை ஒன்றே. வாசகசாலைதோறும் ஒரு மேசை, இரண்டு அயன், நாலு பொட்டலம் வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகள் கூடட்டும், பெண்களும் வரட்டும். புயலடித்துப் போன் கோபுரங்கள் ஓய்ந்துபோனாலும், தூரத்து நிலையம் பேசுகிற வரைக்கும் உங்கள் பிள்ளை செய்த பெட்டி பாட்டரியிலேயே செய்தி சொல்லும்.

நாம் சொன்ன எதையும் நாம் சொன்னதற்காக நம்பிவிட வேண்டாம். செய்து பாருங்கள். சரியாய்ச் செய்தால் பெட்டி பேசும், தப்பாய்ச் செய்தால் பேசாது. அதற்கு நம்முடைய சாட்சியமோ வேறெவருடைய சாட்சியமோ தேவையில்லை.  மேசைமேல் அயன் சூடாயிருக்கின்றது, விருப்பமுள்ளவர்கள் வரலாம்.