நினைவும் ஒரு சாத்திர தானம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். வார்த்தெடுத்த பொம்மை எவ்வளவு அழகாயிருப்பினும், சூளையில் சுடாதவரை ஒரு மழைக்குத் தாங்காது. சுட்டபின் தலைமுறைகளைக் கடக்கும். குடும்ப நினைவும் அத்தகையதே. வாய்ச்சொல்லாக உள்ளவரை அது பச்சை மண்.

1880ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ.வே.சாமிநாதையரைச் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஏடு கைக்கு வந்த பின்னும் அதன் சமயக் கருத்துகள் ஐயருக்கு எளிதில் விளங்கவில்லை. அவர் அவ்வூர்ச் சமணர் இல்லங்களை நாடிச் சென்று ஐயம் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. இதனை நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அதிலுள்ள பாடத்தை மறந்துவிடுகிறோம். ஏடு மட்டும் போதவில்லை. ஏட்டுக்குப் பொருள் சொல்லும் மனிதர் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது.

என் இல்லத்தில் அந்த மனிதர் இல்லாமற் போனார். பழைய திருமணப் புகைப்படம் ஒன்று எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் பதினான்கு பேர். அறுவரை மட்டுமே எனக்குத் தெரியும். ஓரத்தில் கைக்குழந்தையுடன் நிற்கும் பெண்மணி யார்? அக்குழந்தை பிழைத்து வளர்ந்ததா? என் தாயார் அனைவரையும் அறிவார். நாள்தோறும் பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு, அந்தப் படத்தின் கீழேதான் அமர்ந்திருப்பார். முப்பதாண்டுகளுக்கு மேல் பிறர் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே வாழ்ந்த நான், என் அன்னையிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. இன்று அந்தப் படம் பொருள் சொல்ல ஆளில்லாத ஏடு.

எதை எழுதுவது என்று தயங்க வேண்டா. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர் குன்றிற்குச் சென்று பாருங்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றி அங்கே ஒரு பழங்கல்வெட்டு உண்டு. அதில் புகழுரை இல்லை. பெயர் உண்டு, நோன்பு உண்டு, நாள்கணக்கு உண்டு. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவரை நாம் அறிய அவையே போதுமானவையாக இருக்கின்றன.

நாமும் அவ்வாறே செய்யலாம். புகைப்படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். பாட்டியின் குரலைக் கைப்பேசியில் பதியுங்கள். பதிந்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கைப்பேசி மாறும், குறிப்பேடு நிற்கும். எந்த ஊரிலிருந்து வந்தோம், யார் என்ன நோன்பு நோற்றார், எந்தக் கடனை எப்படி அடைத்தார் என்பவற்றைக் கேளுங்கள். துன்பங்களையும் மறைக்காது எழுதுங்கள். வாய்மை நம் விரதங்களுள் ஒன்று.

அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என்று தானம் நான்கு. நூல்களைப் படியெடுத்துப் பிறர்க்கு வழங்குவதை அறமாகக் கொண்ட மரபு நம்முடையது. குடும்பக் குறிப்பேட்டையும் படியெடுத்து, உடன்பிறந்தார்க்கு ஒவ்வொன்று கொடுங்கள். ஒரு வீட்டில் கரையான் அரித்தாலும் மற்றொரு வீட்டில் அது வாழும்.

விழா முடிந்து இல்லம் சென்றதும், வீட்டின் மூத்தவர் அருகில் அமர்ந்து ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்கத் தவறியதை நீங்கள் கேட்டால், இவ்வுரை பயன்பெற்றதாகும்.