சிரிப்பு இருக்கட்டும், சாபம் வேண்டாம்
'ரத்தக்கண்ணீர்' நாடகம் குறித்த உரை



மலாக்கா மாநிலத் தோட்டங்களில் ஒரு காலத்தில் கோயில் திருவிழா என்றால் நாடகமும் உண்டு. காலையில் பால்மரம் சீவிய இளைஞர்கள் இரவில் வேடம் கட்டினார்கள். பெண் வேடத்தையும் பெரும்பாலும் ஆண்களே போட்டார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகரம் என்று குடிபெயர்ந்தார்கள். தோட்டத்து மேடைகளும் குறைந்தன.

அந்தக் கலையை மீட்க விரும்பும் இளைஞர்கள் எடுக்கக்கூடிய பழைய நாடகங்களில் ஒன்று 'ரத்தக்கண்ணீர்'. அதை அப்படியே நடிக்கலாமா என்பதுதான் இன்றைய கேள்வி.

திருவாரூர் கே. தங்கராசு எழுதி, நடிகவேள் எம்.ஆர். ராதா நடித்த இந்த நாடகம் 1949இல் மேடை கண்டது. 1954இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் திரைப்படமானது. தெலுங்கு மேடையில் நாகபூஷணம் இதைப் பல்லாண்டு நடத்திப் புகழ் பெற்றார். கன்னடத்தில் 2003இல் கூடப் படமாக வந்தது.

கதை எளியது. வெளிநாட்டில் படித்துத் திரும்பும் பணக்கார மோகன், பெற்ற தாயையும் ஊர் வழக்கத்தையும் ஏளனம் செய்கிறான். மனைவி சந்திராவை விட்டுக் காந்தாவிடம் போகிறான். செல்வம் கரைகிறது, தொழுநோய் வருகிறது, கண்ணும் போகிறது. கடைசியில் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்கு மணமுடித்து வைக்கிறான்.

கதையாகச் சொன்னால் சோகம். ஆனால் மக்கள் சிரிக்கத்தான் போனார்கள். முன்பாதியில் மோகன் ஊரைக் கேலி செய்கிறான். பின்பாதியில், பிச்சை எடுக்கும் நிலையிலும் அவன் வாய் அடங்குவதில்லை. அப்போது கேலிக்கு ஆளாவது அவனே. இரண்டு சிரிப்புக்கும் நடுவில் பார்ப்பவர் மனம் மாறிவிடுகிறது. அன்றாடச் செய்திகளையும் வசனத்தில் சேர்த்துவிடும் பழக்கம் ராதாவுக்கு உண்டு. அதனால் பார்த்தவர்களே திரும்பவும் பார்க்க வந்தார்கள்.

தோட்டத்து மக்களுக்கு மோகன் அந்நியன் அல்ல. பிள்ளை படித்துவிட்டு, பெற்றோரின் பேச்சுக்கும் உடைக்கும் வெட்கப்படுவது எந்த ஊரிலும் நடப்பதுதான். இந்தப் பகுதிக்கு இன்றும் வயதாகவில்லை.

சிக்கல் நோயில்தான் இருக்கிறது. எழுதியவரும் நடித்தவரும் பெரியாரின் கொள்கை வழி நின்றவர்கள். மூடநம்பிக்கையை மேடையில் கிழித்தவர்கள். ஆனாலும் தொழுநோய் பாவத்தின் சம்பளம் என்ற பழைய எண்ணத்தையே கதை தாங்கி நிற்கிறது.

உண்மை வேறு. தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டறிந்தார். ஒழுக்கத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இல்லை. பரம்பரையாகவும் வருவதில்லை. நாடகம் மேடையேறிய காலத்திலேயே டாப்சோன் மருந்து புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று 6 முதல் 12 மாத மருந்தில் நோய் குணமாகிறது.

இந்த நோயின் வரலாறு மலாக்காவுக்கு அருகிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மலாக்காவுக்கு அப்பாலுள்ள செரிம்புன் தீவில் நோயாளிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். 1930இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். அந்தத் தாய்மார்கள் என்ன பாவம் செய்தார்கள்? மோகனைப் பார்த்து அரங்கம் சிரித்தபோது, அதே நோயோடு ஒளிந்து வாழ்ந்தவருக்கு அந்தச் சிரிப்பு எப்படிக் கேட்டிருக்கும்? நோயைச் சொன்னால் ஊர் ஒதுக்கும் என்று பயந்தவர் மருத்துவரிடம் போகமாட்டார். தாமதித்தால் விரல்களும் பார்வையும் பாதிக்கப்படலாம். ஆகவே இது வெறும் நாடகப் பேச்சு அல்ல.

அதற்காக நாடகத்தை மூட்டைகட்டி வைக்க வேண்டுமா? வேண்டாம். நோயை மாற்றினால் போதும். தோட்டப்புறத்துக்கு நன்கு தெரிந்த சம்சு இருக்கிறது. கலப்பட மதுவில் சேரும் மெத்தனால் கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் கலப்பட மது குடித்துப் பலர் மாண்டதை நாடே பார்த்தது. மோகன் அப்படிப் பார்வை இழக்கட்டும். அது சாபம் அல்ல. காரணம் தெரிந்த, தடுக்கக்கூடிய கேடு. இதனால் ஒரு வசனத்தின் சிரிப்பும் குறையாது.

அன்றன்றைக்கு வசனத்தை மாற்றிய நடிகரின் நாடகம் இது. காலத்துக்கேற்ப இதைத் திருத்துவது அவருக்குச் செய்யும் துரோகம் ஆகாது. அவர் வழியில் நடப்பதே ஆகும். பள்ளித் திடலிலோ கோயில் மண்டபத்திலோ இதை மேடையேற்றும் இளைஞர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கட்டும்: ஆணவத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், நோயாளியைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது.