பொலிசில் பேர் ஏறினால் படிப்பு போய்விடுமா?
(பெற்றோர் கூட்டமொன்றில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாம் பேசப்போவது கொஞ்சம் கூச்சமான விசயம். லயத்தில் யாரும் வாய் திறந்து பேசமாட்டார்கள். அதனாலேயே பேச வேண்டியிருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு தம்பி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த நேரம், தேர்த் திருவிழாவில் நடந்த கைகலப்பில் மாட்டிக்கொண்டார். கோட்டுக்குப் போன அன்று கூட வந்தவர்கள், "குத்தத்த ஒத்துக்கிட்டு தண்டத்த கட்டிட்டு வா, நாளைக்கு மலைக்குப் போகணும்" என்றார்கள். அப்படியே செய்தார். பிறகு பெறுபேறு வந்தது, நல்ல பெறுபேறு. ஆனால் விண்ணப்பிக்கவில்லை. "பேர் ஏறிருச்சி, இனி கம்பஸ் எங்க கிடைக்கப்போவுது?" என்று அப்பாவும் சொல்லிவிட்டார். நாம் விசாரித்துப் போனபோது முடிவுத் திகதி கடந்துவிட்டது. மறுபடியும் பரீட்சை எழுத வேண்டியதாயிற்று. ஒரு வருசம் வீணாய்ப் போனது.

அவரைத் தடுத்தது சட்டமல்ல, பயம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிள்ளைகளைத் தெரிவது உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளியை வைத்துத்தான். நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீத இடங்கள் தனியாக உண்டு. அதைக் கேட்காமல் விடலாமா?

பொலிசில் பிடிபட்டது வேறு, கோட்டில் குற்றவாளி என்று தீர்ப்பானது வேறு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சின்னத் தண்டம் கட்டினாலும் அது தீர்ப்புத்தான். பின்னால் வெளிநாட்டுக்குப் போக பொலிஸ் சான்றிதழ் எடுக்கும்போது அது குறுக்கே வரலாம். ஆகவே அவசரப்பட்டு ஒத்துக்கொள்ள வேண்டாம். முதலில் ஒரு லோயரைக் கேளுங்கள். காசில்லாதவர்களுக்காகத்தான் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. சிங்களம் விளங்காவிட்டால், "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கோட்டில் கேட்பது உங்கள் உரிமை. தலையை ஆட்டிவிட்டு வராதீர்கள்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 306ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குற்றம் நிரூபணமானாலும், ஆளின் வயது, முன்நடத்தை, குற்றத்தின் சிறுமை இவற்றைப் பார்த்து, குற்றவாளி என்று தீர்க்காமலேயே விடுவிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. கட்டாயம் கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் படிக்கிற பிள்ளை என்றால் லோயரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பாடசாலை அதிபரின் கடிதம், கிராம சேவகரின் நற்சான்றிதழ் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஏற்கனவே தீர்ப்பாகிவிட்டதா? பரவாயில்லை. விண்ணப்பத்தை உரிய நாளுக்குள் அனுப்புங்கள். எந்தப் படிவத்திலாவது வழக்கு இருந்ததா என்று கேட்டால் உள்ளதை எழுதுங்கள். மறைத்தது பிறகு தெரியவந்தால் அது புதுத் தொல்லை.

பெற்றோர்களே, பிள்ளை ஒருநாள் தப்புச் செய்திருக்கலாம். அதற்காக அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். சந்தேகம் என்றால் வெட்கப்படாமல் எங்கள் காரியாலயத்துக்கு வாருங்கள். படிவத்தை நாமே கூட இருந்து நிரப்பித் தருகிறோம்.