இந்திரப்பிரஸ்தம்: கவிகள் கட்டிய தலைநகர்

தில்லியில் மதுரா சாலை வழியே செல்வோரின் கண்ணில், ஓங்கிய மதில்களும் பெருவாயில்களும் கொண்ட கோட்டையொன்று தென்படும். புரானா கிலா, அதாவது பழைய கோட்டை என்பது அதன் பெயர். ஹுமாயூன் 1533-இல் தீன்பனா என்ற புதிய நகருக்கு அடிகோலியது இவ்விடத்தில்தான். அவரை வென்ற ஷேர்ஷா, 1541-இல் கோட்டையினுள் எழிலார்ந்த பள்ளிவாசலொன்றை எழுப்பினார். வரலாறு கூறுவது இவ்வளவே. ஆயினும் இது பாண்டவர் கோட்டை என்றும், இந்திரப்பிரஸ்தம் இருந்த இடம் இதுவே என்றும் தில்லி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூறி வருகின்றனர்.

அந்த இந்திரப்பிரஸ்தம் எத்தகைய நகரம்? மகாபாரதம் சொல்லும் கதை நேயர்கள் அறிந்ததே. அரக்கு மாளிகையின் தீக்குத் தப்பி, காடுகளில் மறைந்து திரிந்த பாண்டவர்க்குப் பாதி நாடு கொடுப்பதாகச் சொல்லி, காண்டவப்பிரஸ்தம் என்ற பாழ்நிலத்தைக் கொடுத்தான் திருதராட்டிரன். அங்கே அவர்கள் நகரமைத்தனர். அருகில் இருந்த காண்டவ வனத்தை அக்கினி உண்டபோது, அவனுக்குத் துணை நின்றவர்கள் கண்ணனும் அருச்சுனனும். அவ்வனத்தில் வாழ்ந்த எண்ணிறந்த உயிர்கள் மாண்டன. பிழைத்தவர் மிகச் சிலர். அவருள் ஒருவன் மயன். உயிர் தந்தமைக்கு நன்றியாக அவன் கட்டிக் கொடுத்ததே, தரையை நீராகவும் நீரைத் தரையாகவும் காட்டிய அந்த அற்புத மண்டபம். துரியோதனன் அதில் தடுமாறி விழுந்ததும், எழுந்த சிரிப்பொலி சூதாட்டமாகவும் வனவாசமாகவும் குருக்ஷேத்திரமாகவும் வளர்ந்ததும் பின் வந்த கதை.

இந்த நகரைத் தமிழர் தில்லிக்கு வந்து அறிந்துகொள்ளவில்லை. வில்லிபுத்தூராரின் பாரதம் அதை நமக்குத் தமிழில் தந்தது. பாரதியாரின் பாஞ்சாலி சபதத்தில் துரியோதனனின் பொறாமைக்குக் காரணமாக நிற்பதும் இந்த நகரின் செல்வமே. ஆர்க்காட்டுப் பகுதியில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது இராசசூய யாகம் தெருக்கூத்தாக நடைபெறும். அறுவடையான வயலில் ஒரு திரையும் சில விளக்குகளுமே அரங்கம். ஆயினும் விடியும் வரை அங்கே அமர்ந்திருக்கும் உழவர்கள் தருமபுத்திரரின் தலைநகரைக் கண்ணாரக் காண்கிறார்கள். அதன் மதில் எத்தனை முழம் என்று அவர்களுள் எவரும் கேட்டதில்லை.

ஆராய்ச்சியாளர் கேட்டனர், கேட்பது அவர்களுடைய கடமை. தொல்லியல் அறிஞர் பி. பி. லால் 1954-55-இல் இக்கோட்டையில் அகழ்ந்தார். 1969 முதல் 1973 வரை மீண்டும் அகழாய்வு நடந்தது. அண்மைக் காலத்தில் 2013-14, 2017-18, 2022-23 ஆகிய ஆண்டுகளிலும் மண் அகழப்பட்டது. மௌரியர் காலம் தொடங்கி முகலாயர் காலம் வரை, ஒரு காலத்து வாழ்வின் மேல் மற்றொரு காலத்து வாழ்வு படிந்து கிடப்பதை அவை காட்டின. வண்ணம் தீட்டிய சாம்பல் நிற மட்கலங்களின் சில்லுகளும் கிடைத்தன. கி.மு. முதலாயிரத்தின் முற்பகுதியில் வழங்கிய இத்தகைய கலங்கள் அத்தினாபுரத்திலும் பாரதத்தோடு தொடர்புடைய வேறு பல ஊர்களிலும் கிடைத்திருப்பதால், கதைக்குப் பின்னால் வரலாறு உண்டு என்று லால் கருதினார். ஏனையோர் பலர் அதை ஏற்கவில்லை. மட்பாண்டச் சில்லு தன்னை உடைத்தவரின் பெயரைச் சொல்வதில்லை அன்றோ? மயன் மண்டபத்தின் தூண் ஒன்றும் இதுவரை கிடைக்கவில்லை.

மண்ணில் கிடைக்காதது பெயரில் கிடைக்கிறது. புத்த ஜாதகக் கதைகள் குரு நாட்டின் தலைநகரை இந்தபத்தம் என்கின்றன. தில்லியில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில், 1327-இல், பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டு ஒன்று நாராயணா என்ற சிற்றூரை இந்திரப்பிரஸ்தத்திற்கு மேற்கே உள்ளதாகக் குறிக்கிறது. காவிய நகரின் பெயர், ஊர் வழி சொல்லும் அடையாளமாகவே வழங்கியிருக்கிறது! இவற்றிற்கெல்லாம் மேலாக, இந்திரபத் என்ற ஒரு சிறு கிராமம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இக்கோட்டையின் உள்ளேயே இருந்தது. உழுதும் மாடு மேய்த்தும் வாழ்ந்த எளிய மக்களே அப்பெயரைக் காத்து வந்தனர்.

1911-இல் ஆங்கிலேய அரசு தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தது. புதுத் தில்லியை வகுத்தவர்கள் தம் பெருவீதியை, இன்று கர்த்தவ்ய பாதை எனப்படும் அவ்வீதியை, இந்திரபத் இருந்த கிழக்குத் திசை நோக்கி அமைத்தனர். பழம்பெருமை அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆனால் அப்பெருமையைப் பெயரளவிலேனும் காத்து வந்த கிராமம் அவர்களுக்கு இடையூறாகத் தோன்றியது. குடிகள் அகற்றப்பட்டனர், கோட்டை காட்சிப் பொருளாயிற்று. காண்டவ வனத்தின் கதை மீண்டும் ஒருமுறை, தீயின்றி நடந்தேறியது.

பின்னர் 1947 வந்தது. அவ்வாண்டு மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் ஆசிய நாடுகளின் உறவு மாநாடு இக்கோட்டையில் கூடியது. சில திங்களே சென்றன. பிரிவினைக் கலவரத்தில் வீடிழந்த முஸ்லிம்கள் இதே மதில்களுக்குள் தஞ்சம் புகுந்து, பாகிஸ்தான் செல்லும் வண்டிக்காகக் காத்துக் கிடந்தனர். அவர்கள் சென்றபின், அங்கிருந்து அனைத்தும் இழந்து வந்த இந்துக்களும் சீக்கியரும் இங்கே குடியேற்றப்பட்டனர்.

மகாபாரதத்தின் இறுதிப் பகுதியை அறிந்தவர்க்கு இச்செய்தி மெய்சிலிர்ப்பைத் தரும். யாதவர் தம்முள் போரிட்டு மாண்டனர். துவாரகையைக் கடல் கொண்டது. எஞ்சிய பெண்டிரையும் குழந்தைகளையும் முதியோரையும் அருச்சுனன் அழைத்து வருகிறான். வழியில் கொள்ளையரிடம் பலரை இழந்து, மீந்தவரை அவன் கொண்டுவந்து சேர்த்த இடங்களுள் தலையாயது இந்திரப்பிரஸ்தம். கண்ணனின் கொள்ளுப்பேரன் வஜ்ரனை அங்கே அரசனாக்குகிறான். வீடிழந்து வந்தவர்களால் கட்டப்பட்டு, பிறரை வீடிழக்கச் செய்து, முடிவில் வீடிழந்தோர்க்குப் புகலிடமாகிய நகரம் அது.

இந்திரப்பிரஸ்தம் உண்மையில் இருந்ததா என்ற வினாவுக்கு மண்வெட்டி என்றேனும் விடை கூறலாம், கூறாமலும் போகலாம். கவி நம் முன் வைத்த வினா வேறு. ஒரு தலைநகர் எழுந்தபோது யார் எரிந்தனர், யார் அகற்றப்பட்டனர், துயருற்று வந்தோர்க்கு அதன் கதவுகள் திறந்தனவா என்பதே அது. அம்மண்டபத்தின் பளிங்குத் தரையைப் புகழ்ந்து பாடிய அதே காவியம், காண்டவத்தில் கதறிய பறவைகளையும் மறவாது பாடி வைத்தது. ஆகவேதான் இடிந்து போகக்கூட ஒரு சுவர் இல்லாத அந்நகரம் இன்றும் நிலைத்திருக்கிறது.

இன்று தில்லியில் இந்திரப்பிரஸ்தம் என்பது ஒரு மெட்ரோ நிலையத்தின் பெயரும் ஆகும். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே ஏறி இறங்குகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் எங்கிருந்தோ பிழைப்பு நாடி வந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவரும் அவர்களுள் உண்டு. அவர்களுக்கு இடம் தரும் வரையில், தில்லி அப்பெயருக்கு உரிமை கொண்டாடலாம்.