குளியலறை கேஸ் கீசர்: ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

டிசம்பர் பிறந்துவிட்டால் நமது அறக்கட்டளைக்கு ஒரு வகை மனு கூடுதலாக வர ஆரம்பிக்கிறது. கல்வி உதவி, மருத்துவ உதவி மனுக்களோடு, "கீசர் கெட்டுவிட்டது, ரிப்பேருக்கு உதவுங்கள்" என்றும் எழுதி வருகிறது. சென்னையில் ஏது குளிர் என்று சிலர் சிரிக்கலாம். பஜ்ருக்கு எழுந்து உளூ செய்யும் எழுபது வயதுப் பெரியவரைக் கேளுங்கள்; பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியாத பெண்ணைக் கேளுங்கள். அவர்களுக்கு வெந்நீர் ஆடம்பரம் அல்ல. எனவே மனுக்களைத் தள்ளுவது நமது நோக்கமில்லை. எந்தக் கீசரை ரிப்பேர் செய்யலாம், எதைக் கழற்றிவிட வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

கரண்ட் கீசரைச் சொல்லவில்லை. சிலிண்டரில் ஓடுகிற கேஸ் கீசரைச் சொல்கிறோம். அது தண்ணீரைத் தேக்கி வைத்துச் சூடாக்குவதில்லை. குழாயைத் திறந்ததும் உள்ளே பர்னர் பற்றிக்கொள்ளும். செம்புச் சுருளுக்குள் ஓடும் தண்ணீர் அந்தத் தீயில் சூடாகி வரும். சமையலறை அடுப்பின் பெரிய பர்னர்கள் நான்கைந்தை ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துவிட்டால் எவ்வளவு தீயோ, ஏறத்தாழ அவ்வளவு தீ அந்தச் சின்னப் பெட்டிக்குள் எரிகிறது.

தீக்குக் காற்று வேண்டும். ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரியச் சுமார் 12 கன மீட்டர் காற்று தேவை. பத்து நிமிடக் குளியலுக்கு 150 கிராம் கேஸ் என்று வைத்தால் ஏறக்குறைய 2 கன மீட்டர் காற்று போய்விடுகிறது. ராயபுரம் சந்துகளில் நமது குளியலறைகள் நாலடிக்கு ஐந்தடி, உயரம் எட்டடி; உள்ளே இருக்கும் மொத்தக் காற்றே நாலரை கன மீட்டர்தான். அதிலும் குளிர் அடிக்கிறது என்று வென்டிலேட்டரில் அட்டை வைத்து அடைத்துவிடுகிறோம். ஒருவர் குளித்து வந்ததும் அடுத்தவர் நுழைகிறார். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

காற்று போதாமல் எரிகிற தீ, கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயுவை உண்டாக்கும். நமது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி, பிறகு மயக்கம். குளியலறையில் மயங்கி விழுந்தவர்களைப் பற்றி எழுதி எழுதி, டாக்டர்கள் இதற்கு "கேஸ் கீசர் சிண்ட்ரோம்" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நமது பகுதி மக்களுக்கு மூக்கு கூர்மை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, நெடியில் கண் விழித்துத்தான் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினார்கள். சிலிண்டர் கேஸிலும் கசிந்தால் தெரியட்டும் என்றே நாற்றமுள்ள மெர்காப்டனைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஸ்விட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கோ வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. எண்ணூர்க்காரர் மூக்கும் அங்கே தோற்றுப்போகும்.

சரி, கீசர் கெட்டுவிட்டது. என்ன கெட்டது?

பற்றவே இல்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். டார்ச் லைட்டுக்குப் போடுகிற பெரிய பேட்டரி இரண்டு; தீர்ந்துபோனால் பொறி வராது. அடுத்து மாடித் தொட்டி. தண்ணீர் அடியில் கிடந்தால் பிரஷர் போதாமல் பர்னர் திறக்காது. உள்ளே தண்ணீர் வால்வில் டயாபிரம் என்றொரு ரப்பர் தகடு உண்டு. அது கிழிந்தாலும் இப்படித்தான். இவை சின்னச் செலவுகள், தாராளமாக ரிப்பேர் செய்யலாம். வாஷர் போய்த் தண்ணீர் சொட்டுவதும் அப்படியே.

தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தால், பெட்டியின் மேல்வாயிலோ சுவரிலோ கரி படிந்தால், அன்றோடு நிறுத்திவிடுங்கள். நமது பக்கத்துப் போர்வெல் தண்ணீர் உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரோடு கடல் நீர் கலந்து அரை நூற்றாண்டாகிறது. அந்த உப்பு செம்புச் சுருளின் உள்ளே படிகிறது. வெளியே கடல் காற்று தகடுகளை அரிக்கிறது. தகடுகளுக்கு நடுவே கரி அடைத்தால் புகை மேலே போக வழியில்லை. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஆள் கழற்றிச் சுத்தம் செய்து, தீ மீண்டும் நீலமானால் வைத்துக்கொள்ளலாம். சுருளே ஓட்டையாகிவிட்டால் பற்றவைப்பு நிற்காது, புதுச் சுருளின் விலையோ தலையைச் சுற்ற வைக்கும். அப்போது மாற்றுவதே சிக்கனம்.

இன்னொரு பழுது இருக்கிறது. நம்மை அதிகம் கவலைப்பட வைப்பது அதுதான்: "ஐந்து நிமிடம் எரிந்துவிட்டுத் தானாக அணைந்துவிடுகிறது."

திருவொற்றியூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் இப்படி மனு கொடுத்தது. மெக்கானிக் 800 ரூபாய் கேட்டாராம். "சென்சார் ஒயரை டைரக்ட் பண்ணிட்டா நிக்காம ஓடும்" என்றாராம். நமது தொண்டர்கள் இருவர் நேரில் போய்ப் பார்த்தார்கள். குளியலறைக்கு ஜன்னல் இல்லை. கீசருக்கு மேலே சுவர் கருத்திருந்தது. பிள்ளை பெற்ற மருமகள், குளித்துவிட்டு வந்தால் தினமும் தலைவலி என்றார். பிரசவத்துக்குப் பிந்தைய பலவீனம் என்று வீட்டில் சூப் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நமது கணிப்பில் அந்தக் கீசர் கெடவே இல்லை. சில மாடல்களில், அறையில் ஆக்சிஜன் குறைந்தால் கேஸை அடைக்கிற சென்சார் உண்டு. அதிகச் சூட்டில் அடைப்பதும் உண்டு. அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அந்த ஒயரைத்தான் 800 ரூபாய் வாங்கிக்கொண்டு வெட்டப் பார்த்தார்கள்.

நாம் அந்தத் தொகையைக் கொடுக்கவில்லை. "எண்ணூறு ரூபாய்க்கு இவ்வளவு விசாரணையா பாய்?" என்று அந்த வீட்டு மாமியார் கேட்டார். அவர் வருத்தம் நியாயமானதுதான். ஏழை வீட்டில் எண்ணூறு ரூபாய் சின்னத் தொகை இல்லை. 15 லிட்டர் கரண்ட் கீசருக்குப் பாதித் தொகையை அறக்கட்டளை ஏற்றது. மீதியை அழகிய கடனாகக் கொடுத்தோம். மருமகளின் தலைவலி நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மாமியார் கரண்ட் பில்லை நினைத்து இன்னும் முணுமுணுக்கிறார். 15 லிட்டரைக் குளிக்கும் பதத்துக்குச் சூடாக்க ஏறக்குறைய அரை யூனிட் ஆகும். தினம் ஒரு தடவை என்றால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். வீடுகளுக்கு அரசு இலவசமாகத் தருகிற 100 யூனிட்டை வைத்துப் பார்த்தால் தாங்கக்கூடியதே. ஆனால் பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள். கேஸுக்குப் பயந்து ஷாக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

எனவே ரிப்பேர் செலவையும் புதுசின் விலையையும் ஒப்பிடுவதற்கு முன்னால், அது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மூடிய குளியலறைக்குள் இருந்தால், ரிப்பேர் செய்ததும் ஆபத்து, புத்தம் புதுசும் ஆபத்து. பால்கனியிலோ திறந்த பின்கட்டிலோ மாட்டி, வெந்நீரை மட்டும் பைப்பில் உள்ளே கொண்டுவாருங்கள். அதற்கு வசதியில்லாதவர்கள் கதவைத் திறந்து வைத்து வாளியில் பிடித்து, கீசரை நிறுத்திவிட்டு, அப்புறம் குளிக்கப் போங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தயங்காமல் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் வாடகை வீட்டின் கேஸ் சாதனங்களை ஆண்டுக்கொரு முறை பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு சோதிப்பது வீட்டுக்காரர் மீது சட்டக் கடமை. இங்கே கேட்டால்தான் நடக்கும்.

குழாய் கேஸ் இணைப்பு வாங்குகிறவர்களும் கவனியுங்கள். 2019-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்தது. அந்த வாயுவும் சிலிண்டர் கேஸும் வேறு வேறு, அழுத்தமும் வேறு. நாசில் மாற்றாமல் பழைய கீசரைக் குழாய் கேஸில் கொடுக்கக் கூடாது. மாற்ற முடியாத மாடலாக இருந்தால், இணைப்பு வரும் நேரத்தில் அதற்கு ரிப்பேர் செலவு செய்வது வீண்.

யாராவது குளியலறையில் மயங்கி விழுந்தால் கதவை உடைத்தாவது வெளியே தூக்கி வாருங்கள், 108-ஐ அழையுங்கள். ஸ்டான்லிக்குக் கொண்டுபோனாலும், வேறு எங்கே போனாலும், "கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டருக்கு இந்த விஷத்தையும் ஆக்சிஜனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அது 98 என்று காட்டும், ஆள் மோசமாக இருப்பார்.

கடைசியாக, சென்ற வாரம் ஒரு சகோதரர் கேட்டார்: "நாங்கள் புதுசு வாங்கிவிட்டோம், பழைய கேஸ் கீசரை ஏழை வீட்டுக்கு ஸதகாவாகக் கொடுக்கலாமா?" நம் வீட்டில் வைத்திருக்கப் பயப்படுகிற பொருளை அவர்கள் வீட்டில் மாட்டச் சொல்ல வேண்டாம். நமது அறக்கட்டளை இனி பழைய கேஸ் கீசர்களை வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை. ஹோஸைக் கழற்றி வெட்டிப் போட்டுவிட்டு, பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் கொடுங்கள். உள்ளே இருக்கும் செம்புச் சுருளுக்குத் தனி விலை உண்டு, கேட்டு வாங்குங்கள். அந்தப் பணத்தை வேண்டுமானால் ஸதகா பெட்டியில் போடலாம். வீட்டில் வந்து பார்க்க வேண்டும் என்பவர்கள் வெளியே மேஜையில் பெயரும் தெருவும் எழுதிவிட்டுப் போங்கள். இன்ஷா அல்லாஹ் தொண்டர்கள் வருவார்கள்.